மென்சவ்வில் அழுக்கு பிடிக்காமல் பூச்சுப் போடுவது எப்படி: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பீடத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்கு மென்சவ்வு (நுண்டுளைகள் உள்ள மெல்லிய வடிகட்டித் தாள்) வடிகட்டல் என்று தலைப்பை எடுத்துவிட்டு எங்கே கை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், ஏ.எல். இரசாயனம் படித்துவிட்டு இதில் ஆர்வமாக இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பிளாஸ்மா இயந்திரமும் இலத்திரன் நுணுக்குக்காட்டியும் இல்லாமல் மேற்பரப்பை மாற்ற முடியாது என்று ஒரு பயம் பலருக்கு உண்டு. அப்படியில்லை. இரண்டு மூன்று முகவை, ஒரு பி.எச். மானி, நல்ல தராசு, அமுக்கம் கொடுக்கக்கூடிய வடிகட்டிக் கலம் ஒன்று, இவ்வளவு இருந்தால் உருப்படியான வேலை செய்யலாம். சொல்லப்போனால் பூச்சுப் போடுவது இதில் சின்ன வேலை. எந்தத் தண்ணீருக்காகப் போடுகிறோம், போட்ட பிறகு கிடைத்த பலன் மெய்யா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம், இந்த இரண்டிலும்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர் வடிகட்டப் பயன்படும் பல்பகுதிய மென்சவ்வுகளில் பொலிஈதர்சல்போன், பொலிசல்போன், பி.வி.டி.எஃப். (பொலிவினைலிடீன் புளோரைட்டு) ஆகியவை அதிகம் புழங்குகின்றன. உறுதியானவை, இரசாயனங்களை ஓரளவு தாங்குபவை. குறை என்னவென்றால் இவற்றுக்குத் தண்ணீரோடு அவ்வளவு ஒட்டு இல்லை. மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் இறுகப் பிடித்து நிற்காதபடியால் புரதம், இலைதழை மக்கி வரும் கியூமிக் அமிலம், பாசி விடும் வழுவழுப்பான பல்சக்கரைட்டு எல்லாம் நீரை விலக்கிவிட்டு நேரே போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியது நுண்டுளையின் வாயை ஒடுக்கும், பிறகு மூடும், பிறகு அதன்மேல் ஒரு படையே சேரும். பூச்சு செய்வது இதுதான்: மேற்பரப்பை நீர்விருப்புள்ளதாக்கி, அதன்மேல் மெல்லிய நீர்ப்படை ஒன்று விலகாமல் நிற்கும்படி பார்த்துக்கொள்வது.

எந்தப் பதார்த்தம் இதற்கு ஒத்துவரும் என்று கேட்டால், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வைட்சைட்ஸ் குழு 2001ல் புரதம் ஒட்டாத மேற்பரப்புகளை ஒப்பிட்டுச் சொன்ன நான்கு இயல்புகள் இன்றைக்கும் நல்ல தொடக்கம். நீர்விருப்பு இருக்க வேண்டும், ஐதரசன் பிணைப்பை ஏற்கும் கூட்டங்கள் இருக்க வேண்டும், அதை வழங்கும் கூட்டங்கள் இருக்கக்கூடாது, மொத்த ஏற்றம் பூச்சியமாக இருக்க வேண்டும். நீங்கள் கையில் எடுக்கும் பூச்சு நான்கையும் நிறைவேற்றாது, எது குறைகிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் ஆரம்பத்தில் சொல்வதில்லை. பூச்சு தடுப்பது முதல் படையை மட்டும்தான். அமுக்கத்தைக் கூட்டி, வேகமாகத் தண்ணீரை இழுத்து, அழுக்கை அள்ளிக்கொண்டு வந்து மென்சவ்வின் மேல் குவித்துவிட்டால், அதற்குப் பிறகு வருகிற அழுக்குக்குக் கீழே என்ன பூச்சு இருக்கிறது என்றே தெரியாது, அது தனக்கு முன்னால் வந்த அழுக்கின் மேல்தான் உட்காருகிறது. ஆகவே மிதமான வேகத்தில் ஓட்டுவதும் நன்றாகக் கலக்குவதும் பூச்சைவிட முக்கியம். அப்படி ஓட்டினால் பூச்சின் பலன் கழுவும்போது தெரியும், படிந்தது இலகுவாக விட்டுப்போகும்.

உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது

முதற்படி இதுதான், இரசாயனம் வாங்குவதற்கு முன்னரே. எங்கள் பக்கத்துத் தண்ணீர் ஒரே மாதிரியானது இல்லை. மட்டக்களப்புக்குக் குழாய்நீர் தரும் உன்னிச்சைக் குளமானாலும், அம்பாறைப் பக்கம் கொண்டவட்டவான் குளமானாலும், குளத்து நீரில் சேதன அழுக்குத்தான் பெரிய தொல்லை: கியூமிக் அமிலமும் பாசியும். கோடையில் குளம் வற்றி வெப்பம் ஏறும்போது பாசி கூடும், மாரி வெள்ளத்தில் களிமண் கலங்கல் கூடும். கடற்கரைப் பக்கத்து மணல் கிணறுகள் வேறு கதை. அங்கே வன்மை, உப்பு, சில இடங்களில் இரும்பு. வாவி நீர் உவர், அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

இரும்பு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. கிணற்றில் அள்ளிய உடனே தெளிவாக இருக்கும் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு ஊற்றி, குலுக்கி, மூடாமல் ஓர் இரவு வையுங்கள். விடிய அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தால் இரும்பு. கிணற்றடிச் சீமெந்து துருநிறமாக இருக்கும், அந்தத் தண்ணீரில் போட்ட பிளேன்டீ வழக்கத்தை விடக் கறுக்கும். இந்தக் கறுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

ஏன் இதெல்லாம்? மேற்பூச்சு எல்லா அழுக்குக்கும் மருந்து இல்லை. சேதன அழுக்குக்கு நன்றாக வேலை செய்யும். கல்சியம் காபனேற்றுப் படிவுக்குப் பெரிதாகச் செய்யாது, அது கரைசல் மிகைநிரம்பலாவதால் வருகிற விஷயம், மென்சவ்வின் தோலை மாற்றி அதைத் தீர்க்க முடியாது. இரும்புக்குக் காற்றூட்டி மணல் வடிகட்டியில் விட்டாலே போதும், மென்சவ்வு வரைக்கும் அது வரக்கூடாது. ஆகவே முதல் ஆய்வுக்குக் குளத்து நீரை எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மென்சவ்வு வாங்கும்போது

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொழும்பில் ஆய்வுகூடப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும் 0.22 அல்லது 0.45 மைக்ரோமீற்றர் பொலிஈதர்சல்போன் வட்டங்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே நீர்விருப்புள்ளதாக்கப்பட்டவை. அதன்மேல் பூச்சுப் போட்டுவிட்டு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையே என்று தலையைச் சொறிவதில் பயனில்லை. வாங்கும்போதே கேளுங்கள், வந்த பிறகு ஒரு துளி நீர் விட்டும் பாருங்கள்: துளி உருண்டு நின்றால் சரி, உடனே பரவி உள்ளே போய்விட்டால் அது ஏற்கெனவே மாற்றப்பட்டது. பி.வி.டி.எஃப். இரண்டு வகையாகவும் விற்கப்படுகிறது, பெட்டியில் எழுதியிருக்கும். முடிந்தால் மீநுண் வடிகட்டலுக்கான (இந்த வட்டங்களைவிட மிகச் சிறிய துளையுள்ள) தட்டையான பொலிஈதர்சல்போன் தாள் ஒன்றை வாங்கி நீங்களே வட்டமாக வெட்டுங்கள், மலிவு, ஒரே தாளிலிருந்து வெட்டினால் ஒப்பீடும் நியாயமாக இருக்கும்.

இந்தத் தாள்களுக்கு இரண்டு பக்கம் உண்டு. பளபளப்பான பக்கம்தான் வடிகட்டும் தோல், மற்றது தாங்கும் பக்கம். பென்சிலால் பின்பக்கத்து ஓரத்தில் இலக்கம் போட்டுவிடுங்கள், நனைந்த பிறகு எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது சீரழிவு. புதிய தாளில் காயாமல் இருக்கக் கிளிசரீனோ வேறு பாதுகாப்புப் பொருளோ பூசியிருப்பார்கள். காய்ச்சிவடித்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். நன்றாக நனையாத நீர்வெறுப்பு மென்சவ்வாக இருந்தால் முதலில் 50 வீத எதனோலில் சில நிமிடம் போட்டு, காயவிடாமல் அப்படியே நீருக்கு மாற்றுங்கள். இடையில் காய்ந்தால் துளைகளுக்குள் காற்று புகுந்து பிறகு நீர் போகாது.

பூச்சு

தொடங்குகிறவர்களுக்கு நான் இரண்டு வழியைத்தான் சொல்வேன், இரண்டும் கரைசலில் தோய்த்து எடுக்கும் வழி.

ஒன்று பொலிடோபமைன், அதாவது டோபமைன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து உருவாகும் பல்பகுதியம். மட்டி கடலுக்குள் ஈரக் கல்லில் எப்படி ஒட்டுகிறது என்பதைப் பார்த்து, அமெரிக்காவில் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மெஸ்ஸர்ஸ்மித் குழு 2007ல் வெளியிட்டது. செய்முறை மிக இலகு. 100 மில்லிலீற்றர் நீரில் 0.121 கிராம் டிரிஸ் கரைத்து, ஐதரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 8.5க்குக் கொண்டுவாருங்கள். டிரிஸ் தாங்கற் கரைசலின் பி.எச். வெப்பநிலை ஒரு பாகை ஏற ஏறக்குறைய 0.03 இறங்கும், ஆகவே குளிரூட்டிய அறையில் சரிசெய்துவிட்டு வெளியே 31 பாகையில் வைத்து வேலை செய்யாதீர்கள். மென்சவ்வை ஒரு தட்டையான கண்ணாடித் தட்டில் தோல் பக்கம் மேலே தெரிய வைத்து, ஓரத்தை இறப்பர் வளையத்தால் அமர்த்துங்கள். பின்பக்கமும் பூச்சு ஏறினால் நீர்ப்பாய்வுதான் வீணாகக் குறையும். இப்போது 0.2 கிராம் டோபமைன் ஐதரோகுளோரைட்டைக் கரைசலில் போட்டுக் கலக்கி உடனே ஊற்றுங்கள். மூட வேண்டாம், இதற்கு ஒட்சிசன் தேவை, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள். தெளிவாக இருந்தது முதலில் இளஞ்சிவப்பாகும், பிறகு கபிலமாகும், விட்டால் கறுப்பாகும். 24 மணி நேரம் விட்டால் ஏறக்குறைய 50 நானோமீற்றர் வரை ஏறும், மீநுண் வடிகட்டல் மென்சவ்வுக்கு அவ்வளவு ஏற்றினால் துளை அடைந்துவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணி வரை போதும். கட்டுரைகளில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20, 25 பாகைக்கு உரியது, எங்கள் வெக்கையில் தாக்கம் இன்னும் விரைவு, அதனால் 20, 40, 60 நிமிடம் என்று மூன்று துண்டு போட்டுப் பார்த்து உங்களுக்கான நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். எடுத்தபின் கழுவும் நீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவ வேண்டும், ஒட்டாமல் மேலே கிடக்கும் கரிய துகள்களே பிறகு துளையை அடைக்கும்.

டோபமைன் விலை கூடியது. எனக்கு அதைவிடப் பிடித்தது இரண்டாவது வழி, டனிக் அமிலமும் (தாவரங்களில் இருக்கும் ஒரு பல்பீனோல்) இரும்பும். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் கருசோ குழு 2013ல் காட்டியது. பிளேன்டீயைக் கறுக்கச் செய்யும் தாக்கமும் இதுவும் ஒரே குடும்பம்: பல்பீனோலின் ஐதரொட்சில் கூட்டங்கள் இரும்பு அயனைப் பிடித்துச் சிக்கலாக்கி வலைபோல் பின்னிக்கொள்கின்றன, அந்த வலை எதன்மேலும் படியும். இறுதிச் செறிவு மில்லிலீற்றருக்கு டனிக் அமிலம் 0.4 மில்லிகிராம், ஆறு நீர் மூலக்கூறு கொண்ட பெரிக்குக் குளோரைட்டு 0.1 மில்லிகிராம். அதாவது 100 மில்லிலீற்றருக்கு 40 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும், கூலியே இல்லாத விலை. ஒழுங்கு முக்கியம். முதலில் மென்சவ்வின் மேல் டனிக் அமிலக் கரைசல், அது எல்லா இடமும் நனைத்த பிறகு இரும்புக் கரைசல், பத்து வினாடி நன்றாக ஆட்டி, உடனே ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு பி.எச்.ஐ 8 அளவுக்கு உயர்த்துங்கள். நிறம் நீலத்திலிருந்து ஊதாவுக்கும் பிறகு சிவப்புக் கலந்த ஊதாவுக்கும் மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது, கழுவுங்கள். ஒரு தடவைக்கு 10 நானோமீற்றர் அளவில்தான் ஏறும், தேவையென்றால் கரைசலைப் புதிதாகக் கலந்து மறுபடி செய்யலாம். இரும்பையும் டனிக் அமிலத்தையும் வெளியே கலந்து வைத்துவிட்டு ஆறுதலாகக் கொண்டுவந்து ஊற்றினால் போத்தலிலேயே கருந்தூளாக வீழ்படிவாகிவிடும்.

இரண்டுக்கும் பலவீனம் உண்டு. பொலிடோபமைன் குளோரீன் வெளுப்பானுக்கும் கடும் காரத்துக்கும் தாங்காது. டனிக்-இரும்பு வலை அமிலத்தில் கழன்றுவிடும், இரும்புப் படிவை எடுக்கச் சித்திரிக் அமிலத்தால் கழுவினால் பூச்சும் சேர்ந்து போகும், உலோக அயன்களைப் பிடித்திழுக்கும் கழுவற் பொருளான ஈ.டி.ரி.ஏ.யும் அப்படித்தான். உங்கள் தண்ணீருக்கு எந்தக் கழுவல் தேவைப்படும் என்று யோசித்துத்தான் பூச்சைத் தெரிவுசெய்ய வேண்டும், அதற்காகத்தான் முதலில் தண்ணீரைப் பாருங்கள் என்றேன்.

மற்ற வழிகளை ஓட்டமாகச் சொல்கிறேன். கழியூதாக் கதிரால் நீர்விருப்புள்ள பல்பகுதியச் சங்கிலிகளை மேற்பரப்பிலேயே ஒட்டுவளர்ப்பது நல்ல வழி, பொலிஈதர்சல்போன் தானே கதிரை உறிஞ்சிச் சுயாதீன மூலிகங்களைத் தருவதால் தனியான தொடக்கி கூடத் தேவையில்லை, ஆனால் நைதரசன் ஓட்டம் வேண்டும், நேரம் கூடினால் பல்பகுதியச் சங்கிலியே அறுந்து துளை பெருத்துவிடும். பிளாஸ்மா (அயனாக்கிய வாயுவால் மேற்பரப்பை மாற்றுவது) விரைவானது, ஆனால் நாள் போகப்போக மேற்பரப்பு பழைய நிலைக்குத் திரும்பும். இருமுனை ஏற்றம் கொண்ட சல்போபீட்டெயின் வகைதான் இப்போது எல்லோரும் பேசுவது, நேரேற்றமும் மறையேற்றமும் சமமாக இருந்து நீரை இறுகப் பிடிப்பது. அதைப் பொலிடோபமைனோடு சேர்த்தே படியவைக்கலாம், முதல் ஆய்வு முடிந்தபின் அதற்குப் போங்கள். பொலிஎதிலீன்இமைனைச் சேர்க்கச் சொல்லும் செய்முறைகளும் நிறைய வரும், அது நேரேற்றம், கியூமிக் அமிலமோ மறையேற்றம். குளத்து நீருக்கு அதை எடுத்தால் அழுக்கை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

அளப்பது

இனித்தான் உண்மையான வேலை. குறைந்தது மூன்று வகைத் துண்டு வேண்டும்: பூசாதது, பூசியது, மூன்றாவது பூச்சுப் பொருள் இல்லாத கரைசலில் அதே நேரம், அதே பி.எச்.சில் ஊறியது. மூன்றாவதை விட்டுவிட்டால், கிடைத்த மாற்றம் பூச்சாலா வெறும் கழுவலாலா என்று யாராவது கேட்கும்போது பதில் இருக்காது. ஒவ்வொன்றிலும் மூன்று துண்டாவது.

கலத்தில் பொருத்தி, அளக்கப்போகும் அமுக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, 1.5 பாரில் அரை மணி நேரம் காய்ச்சிவடித்த நீரை ஓட்டுங்கள். மென்சவ்வு அமுங்கி நிலைப்படும்வரை பாய்வு இறங்கிக்கொண்டே இருக்கும், அதை அழுக்கு என்று எண்ணிவிடக்கூடாது. பிறகு 1 பாருக்கு இறக்கி, வரும் நீரைத் தராசில் வைத்த முகவையில் பிடியுங்கள். பாய்வு என்பது கனவளவை பரப்பாலும் நேரத்தாலும் வகுப்பது. 13.4 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 10 நிமிடத்துக்கு 22 மில்லிலீற்றர் வந்தால், சதுர மீற்றருக்கு மணிக்குச் சுமார் 98 லீற்றர்.

வெப்பநிலையை ஒவ்வோர் அளவீட்டுக்கும் பக்கத்தில் எழுதுங்கள். நீரின் பிசுக்குமை 20 பாகையில் 1.00 மில்லிபஸ்கால் செக்கன், 30 பாகையில் 0.80. காலையில் 27 பாகையில் பூசாததை அளந்து, பின்னேரம் 32 பாகையில் பூசியதை அளந்தால், ஒன்றும் செய்யாமலே 10 வீதத்துக்கு மேல் பாய்வு கூடியிருக்கும். நல்ல பூச்சு என்று சந்தோசப்பட்டுவிடுவீர்கள். எல்லாவற்றையும் 20 பாகைக்குத் திருத்தி எழுதுவதே முறை.

அழுக்குக் கரைசலாகக் கட்டுரைகளில் அதிகம் வருவது மாட்டுச் சீரம் அல்புமின் என்ற புரதம், அளக்க இலகு என்பதால். எங்கள் குளத்தில் அது இல்லையே. கியூமிக் அமிலம் லீற்றருக்கு 20 மில்லிகிராம், சோடியம் அல்ஜினேற்று 20 மில்லிகிராம், அதோடு இரு நீர் மூலக்கூறுள்ள கல்சியம் குளோரைட்டு 0.147 கிராம் சேருங்கள். கல்சியத்தை விடாதீர்கள், அல்ஜினேற்றுச் சங்கிலிகளைப் பாலம் போட்டு இறுக்கிக் கூழாக்குவது அதுதான், அது இல்லாத சோதனையில் எந்தப் பூச்சும் அழகாகத்தான் தெரியும். அன்றன்றைக்குக் கரையுங்கள், எங்கள் சூட்டில் ஓர் இரவிலேயே பற்றீரியா விருந்து வைத்துவிடும். ஒரு மணி நேரம் இதை ஓட்டி, பிறகு அமுக்கமில்லாமல் வெறும் நீரால் 10 நிமிடம் கலக்கிக் கழுவி, மறுபடி நீர்ப்பாய்வை எடுங்கள். கழுவிய பின் வந்த பாய்வை முதல் பாய்வால் வகுத்தால் மீட்பு வீதம்.

எடுத்துக்காட்டாக, பூசாதது 98ல் தொடங்கிக் கழுவிய பின் 54க்கு வந்தால் மீட்பு 55 வீதம். பூசியது 80ல் தொடங்கி 72க்கு வந்தால் 90 வீதம். பூச்சு ஆரம்பப் பாய்வில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது, ஆனாலும் ஒரு சுற்று முடிய 54க்கு எதிராக 72 இருக்கிறது, இலாபம்தான். பூசியது 40ல் தொடங்கி 39க்கு வந்தால்? மீட்பு 97 வீதத்துக்கு மேல், கட்டுரையில் போட அழகு, ஆனால் யாருக்கும் பயனில்லாத மென்சவ்வு. இரண்டு எண்ணையும் சேர்த்தே காட்டுங்கள், மீட்பு வீதத்தை மட்டும் காட்டுகிற கட்டுரைகளைச் சந்தேகத்தோடு வாசியுங்கள்.

இன்னும் ஒரு நுணுக்கம். ஒரே அமுக்கத்தில் ஓட்டினால் பூசாததன் பாய்வு கூட, ஆகவே அது ஒரு மணி நேரத்தில் அதிக அழுக்கை இழுக்கிறது, அதனாலேயே கூடக் கெட்டுப்போகிறது. நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் பூசாததன் அமுக்கத்தைக் குறைத்து, இரண்டும் ஒரே பாய்வில் தொடங்கும்படி இன்னொரு சோதனை செய்யுங்கள். அதிலும் பூசியது முன்னுக்கு நின்றால் பூச்சு உண்மையாகவே வேலை செய்கிறது.

தொடுகோணம் (நீர்த்துளி மேற்பரப்போடு ஆக்கும் கோணம், நீர்விருப்பு கூடினால் குறையும்) அளக்கக் கருவி இல்லையென்றால் கைபேசிக் கமராவில், துளிக்குப் பின்னால் வெளிச்சம் வைத்துப் பக்கவாட்டில் படமெடுத்து, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் கோணம் பார்க்கலாம். துளி உள்ளே இறங்குமுன் முதல் சில வினாடியில் எடுக்க வேண்டும். ஆனால் கோணம் குறைந்தது என்பதை மட்டும் வைத்து அழுக்கு பிடிக்காது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒரு சுற்றோடு நிறுத்தாமல் மூன்று நான்கு சுற்று ஓட்டுங்கள், நடுவில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் கழுவல் கரைசலால் ஒரு தடவை கழுவி, பூச்சின் நிறம் வெளிறுகிறதா, வடிநீரில் நிறம் வருகிறதா என்று பாருங்கள். வெள்ளை மென்சவ்வில் இந்த இரண்டு பூச்சும் கண்ணுக்குத் தெரிவது பெரிய வசதி, கழன்றால் மறைக்க முடியாது. துண்டுகளைக் காயவிடாமல் நீரில், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். செயற்கைக் கரைசலில் நின்றுபிடித்ததை பிறகு குளத்து நீரில் ஓட்டுங்கள், கோடையில் ஒரு தடவை, மாரியில் ஒரு தடவை, இரண்டும் வேறு வேறு விடை தரும்.

வீட்டு ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு இதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதன் மென்சவ்வு பொலிஏமைட்டு, சுருட்டி அடைத்து ஒட்டியது, உள்ளே ஊற்றும் கரைசல் எங்கே எவ்வளவு படிந்தது என்று பார்க்க வழியில்லை, குடிக்கிற தண்ணீருக்குள் என்ன கசிகிறது என்றும் தெரியாது. அதற்குச் செய்யக்கூடியது, குழாய்நீரில் இருக்கும் குளோரீன் பொலிஏமைட்டை அரிக்கும் என்பதால் முன்னால் இருக்கும் கரி வடிகட்டியையும் படிவு வடிகட்டியையும் காலத்துக்கு மாற்றுவது.